அக்கா ஏறும் உயரம்

பிப்ரவரி 9
(எழுதி மடித்தேன். அனுப்பவில்லை.)

அன்புள்ள மாமா,

கம்பெனியில் துணி வெட்டும் மேஜை மேல் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே போன் பேச விடமாட்டார்கள். வீட்டிலிருந்தும் பேச முடியாது. எந்த மூலையில் நின்று முணுமுணுத்தாலும் அம்மாவின் கட்டிலுக்குக் கேட்டுவிடும்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்யாவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும், அப்புறம் நடை வராது என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அம்மா போகமாட்டேன் என்கிறாள். வலிக்குப் பயந்து இல்லை. முதல் நாள் போன டாக்சியில் சீட்டு ரொம்பத் தாழ்வு. எழுந்திருக்க முடியாமல் போய், ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் கையும் காலுமாகப் பிடித்து மூட்டை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். உடுப்பு விலகியது. வாசலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "இனிமே என்னை யாராவது தூக்கணும்னா நான் பொணமா இருக்கணும்."

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கெஞ்சிக் கிளப்பினேன். அன்றைக்கு டாக்சியாக வேறு வண்டி வந்தது. காரும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு குட்டி எஸ்யூவி. அதன் சீட்டு அம்மாவின் இடுப்புக்குச் சரியாக வந்தது. வாக்கரை விட்டாள், திரும்பினாள், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். யாரும் தொடவில்லை. "ராணி மாதிரி இருக்குடி" என்றாள். நான் ஓடிப்போய், தரையிலிருந்து சீட்டு விளிம்பு வரைக்கும் ஒரு நாடாவைப் பிடித்து வெட்டி வைத்துக்கொண்டேன்.

அதையே வாங்கிவிடலாம் என்று ஷோரூமுக்குப் போனால் தலையில் இடி. "அந்த மாடல் நின்னு போச்சு மேடம், இனிமே வராது." அங்கே நின்ற ஒவ்வொரு வண்டியிலும் நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று தாழ்வு, ஒன்று உயரம். நான் வண்டிக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறேன் என்று விற்பனையாளர் நினைத்திருப்பார்.

பழசுதான் வாங்க வேண்டும். உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. ஆனால் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். "உன் மாமன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. என் கால் நடக்காட்டியும் அந்தச் சேதி ஊர் பூரா நடக்கும்."

சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன். தபாலில் போடுவேனா, தெரியவில்லை.

ஊசி

பிப்ரவரி 10

அன்புள்ள மாமா,

நலம். அம்மாவும் நலம்.

எனக்கு ஒரு பழைய வண்டி வேண்டும். எந்த மாடல் என்று தாளின் பின்பக்கம் படம் ஒட்டியிருக்கிறேன். அதை இப்போது தயாரிப்பதில்லையாம். அதனால் என்ன, அதுதான் வேண்டும். வேறு எதையும் "இதைவிட நல்லது" என்று தள்ளிவிடாதீர்கள். வண்டி உலகத்தில் உங்களுக்குத் தெரியாத ஆளே இல்லை என்று சொல்வீர்களே, இப்போது பார்க்கலாம்.

கம்பெனிக்குப் போய்வரத்தான். வேறு காரணம் ஒன்றுமில்லை. பணத்தை அத்தையின் கணக்கில் போட்டிருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

ஊசி

பிப்ரவரி 18

அருமை மருமகள் ஊசிக்கு, தாய்மாமன் எழுதுவது. நான் நலம். அத்தையும் நலம், கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே.

உன் கடிதத்தில் "இப்போது தயாரிப்பதில்லை" என்ற இடத்துக்கு வந்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தானாகக் கீழே விழுந்தது. கடை வாசலில் போன பஸ் ஒன்று அதிர்ந்து நின்றுவிட்டது. (பஸ் நிறுத்தம் அங்கேதான் என்பது வேறு விஷயம்.) நின்றுபோன மாடலா! அதுவும் என் மருமகளுக்கா! உன் அத்தை தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, "கம்பெனியே கைகழுவின வண்டியை இவ எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?" என்றாள். "உங்கப்பா கைகழுவின உன்னை நான் கட்டிக்கலையா?" என்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இல்லை.

பிறகு பசியோடு யோசித்துப் பார்த்தேன். பசியில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். ஊசி, நீ புத்திசாலி! நல்ல பாட்டை நடுவில் நிறுத்தினால்தான் காதில் நிற்கும். விஞ்ஞானிகளும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எந்த விஞ்ஞானி என்று கேட்காதே. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டிப் பார், பதினாறு வருகிறது. அவ்வளவு படித்தவன் சொன்னால் நம்ப வேண்டும்.

தேடினேன் தேடினேன், இந்த ஊரில் நான் போகாத சந்து இல்லை. கடைசியில் கிடைத்தது. சொந்தக்காரர் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன்! ஏழு கடலையும் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வண்டியை எடுப்பாராம், அதுவும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. ஸ்டியரிங்கைத் தொடும் முன்னால் வண்டியிடம் அனுமதி கேட்பாராம். நான் பானெட்டைத் திறந்து பல் டாக்டர் மாதிரி உள்ளே பார்த்தேன். ஒரு சொத்தை இல்லை. ஓட்டினேன். சத்தமே இல்லை, என்ஜின் ஓடுகிறதா என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன்.

விலை பேசும்போது உன் அம்மாவைப் பற்றி எடுத்துவிட்டேன். ஓடுகிற பஸ்ஸை விரட்டிப் பிடித்து, டிரைவரின் சட்டைக் காலரைப் பற்றி நிறுத்தினாளே, அந்தக் கதை. கேட்டதும் கேப்டன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "அப்படிப்பட்ட அம்மா உட்காரப்போற வண்டின்னா நான் பேரமே பேசமாட்டேன்" என்றார். பேசத்தான் பேசினார். இருந்தாலும் வாங்கியாயிற்று.

வண்டி இப்போது என் கடை வாசலில் நிற்கிறது. இதை இப்படியே அனுப்பினால் என் பெயர் என்ன ஆகும்? சீட்டு கவர், ஹாரன், பம்பர், விளக்கு என்று ஊரில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் அலங்காரம் பண்ணுகிறவன், சொந்த மருமகளின் வண்டியை மொட்டையாக அனுப்புவானா? கொஞ்சம் கைவேலை இருக்கிறது. பொறு.

தாய்மாமன்

பிப்ரவரி 23

அன்புள்ள மாமா,

கைவேலை என்று படித்ததும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. வேண்டாம் மாமா. சீட்டு கவர்கூட வேண்டாம். கேப்டன் கொடுத்தது கொடுத்தபடி, அப்படியே அனுப்புங்கள். பள்ளிக்கூடம் போகும்போது என் சைக்கிளுக்கு லாரி ஹாரன் வைத்தீர்கள். தெருவில் மாடு மிரண்டு ஒருவர் சாக்கடையில் விழுந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

எதையும் தொடாதீர்கள். சீக்கிரம் அனுப்புங்கள். தாமதமாக ஆக இங்கே கஷ்டம். என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள்.

ஊசி

மார்ச் 1

அருமை மருமகளே,

உன் அடக்கம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் மிட்டாய் வேண்டாம் என்பாய், கை மட்டும் நீளும். ஆகவே நீ "வேண்டாம்" என்று எழுதிய இடத்தையெல்லாம் நான் "வேண்டும்" என்றே படித்துக்கொண்டேன்.

வண்டி நாளைக்குக் கிளம்புகிறது. வாசலில் வந்து நிற்கும்போது நீ மயக்கம் போட்டு விழாமல் எதையாவது பிடித்துக்கொள். ஏனென்றால், ஊசி, நான் அதை மலையாக்கிவிட்டேன்! எஸ்யூவி என்று பெயர் வைத்துவிட்டு முழங்கால் உயரத்தில் நின்றால் யார் மதிப்பான்? நாலு ஸ்பிரிங்கையும் கழற்றி எறிந்துவிட்டு, நெட்டையாக நாலு ஸ்பிரிங் போட்டேன். சக்கரம் பெரிது. டயர் அதைவிடப் பெரிது. ஏறுவதற்குப் பளபளவென்று ஃபுட்போர்டு. பக்கத்தில் பஸ் வந்து நின்றால் பஸ் டிரைவரின் கண்ணும் உன் கண்ணும் நேருக்கு நேர் சந்திக்கும். கடைத்தெருவே கூடி நின்று பார்த்தது. ஒருவர் அழுதேவிட்டார்.

பழைய ஸ்பிரிங்கையும் பழைய சக்கரத்தையும் காந்தத்திடம் போட்டாயிற்று. காந்தம் யார் என்று மறந்திருப்பாய், பழைய இரும்புக்காரர். இரும்பு எங்கே இருந்தாலும் அவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் காந்தம். அவரும் வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

அக்காவிடம் சொல். நின்ற இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி ஏறலாம். அவளுக்கென்ன, ஓடுகிற பஸ்ஸையே பிடித்தவள்.

தாய்மாமன்

மார்ச் 6

மாமா,

என்ன செய்துவிட்டீர்கள்?

வண்டி வருகிறது என்று சொன்னதும் அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். நல்ல உடுப்பு எடுத்துத் தரச் சொன்னாள். தலை வாரிவிடச் சொன்னாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றாள். விழுந்த பிறகு அம்மா சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான். நான் கதவைத் திறந்தேன். சீட்டு அம்மாவின் நெஞ்சுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "ஏண்டி, ஒட்டகத்துக்கா வாங்கினே?" என்றாள். எதிர்மாடியில் நின்றவர்கள் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். "இரு, பார்க்கறேன்" என்று உங்கள் பளபள ஃபுட்போர்டில் காலை வைத்தாள். வாக்கர் சரிந்தது. அம்மா வண்டிக்கும் எனக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கினார்கள், மாமா. எது நடக்கக்கூடாது என்று இத்தனை பாடுபட்டேனோ, அது எங்கள் வாசலிலேயே நடந்தது.

உங்களுக்கு ஒன்றும் புரியாது. பிப்ரவரியில் எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துக்கொள்ளுங்கள். சத்தியத்துக்காக மறைத்தது என் தப்பு. எதையும் தொடாதீர்கள் என்று கெஞ்சியும் தொட்டது உங்கள் தப்பு.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வீட்டுக்கு வந்து பார்த்தார். புதிதாக எதுவும் உடையவில்லையாம். ஆனால் முழங்கால் ஏற்கெனவே இறுக ஆரம்பித்துவிட்டது. இந்த மாதத்தை விட்டால் விட்டதுதான் என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

அந்த நாடாவையும் வைத்திருக்கிறேன். இதன் ஒரு முனை தரையைத் தொட்டால் மறு முனையில் சீட்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்ட வண்டி.

இன்னொன்று. பின் சீட்டு முழுக்க நாய் முடி. சீட் பெல்ட்டை நாய் கடித்துக் குதறியிருக்கிறது. உங்கள் கேப்டன் குரைப்பார் போலிருக்கிறது.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அத்தையிடம்கூட. இதையாவது செய்யுங்கள்.

ஊசி

மார்ச் 9

ஊசி,

படித்தேன்.

கடை ஷட்டரை இறக்கிவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

அக்காவா?

நான்தானே என் கையாலேயே உயர்த்தி வைத்தேன்.

நாடா கிடைத்தது. வேறு எழுத வரவில்லை.

மாமா

மார்ச் 15

ஊசிக்கு,

இப்போது எழுத வருகிறது.

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. உன் அத்தை பயந்துபோய்த் தெர்மாமீட்டரை என் வாயில் செருகினாள். "காய்ச்சலும் இல்லை, பேச்சும் இல்லை. எதை முழுங்கித் தொலைச்சீங்க?" என்றாள். சொல்லவில்லை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன். "தையல் கடை வைக்கப் போறீங்களா?" என்றாள்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அந்த மாடல் நின்றபோதே ஸ்பிரிங் வருவதும் நின்றுவிட்டதாம். வேறு மாடல் ஸ்பிரிங்குகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று போட்டால் நாடாவுக்குக் கீழே போகிறது, ஒன்று மேலே நிற்கிறது. கேப்டன் வைத்திருந்த அதே ஸ்பிரிங்தான் வேண்டும். (கேப்டன் நாய் வளர்க்கக்கூடாதா? கப்பலில் தனியாக இருந்த மனுஷன்.) அதை நான்தான் இரும்பு விலைக்குப் போட்டுத் தொலைத்தேனே. காந்தத்தின் பழைய இரும்புக் கொட்டடிக்கு ஓடினேன்.

அங்கே எப்போதும் போல நாலைந்து பேர் கவிழ்த்துப் போட்ட டிரம்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, இன்னிக்கு என்ன கதை?" என்று இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை. இரும்பு மலையைப் பார்த்தேன். என் ஸ்பிரிங் அடியில் எங்கோ கிடக்கிறது. உருக்குகிற ஆலைக்கு லாரி வரப்போகிறது.

நீ யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. காந்தத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணே, அந்த ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுங்க. எங்கக்காவால கால மடக்க முடியலை. இடுப்பு உடைஞ்சு போச்சு. பழைய உயரம் இருந்தாத்தான் வண்டியில ஏற முடியும்."

காந்தம் என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், ஊசி! ஒருவர் டிரம்மிலிருந்து உருண்டு விழுந்தார். "போன மாசம்தானே உங்கக்கா ஓடுற பஸ்ஸை நிறுத்தினாங்க?" என்றார் காந்தம். "அதுக்கு முந்தி ஒரு திருடனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாங்க. இப்ப இடுப்பு உடைஞ்சுபோச்சா? யார்கிட்ட விடறீங்க?"

"சத்தியமா" என்றேன்.

"சத்தியமான்னு சொன்னாத்தான் எங்களுக்குச் சந்தேகமே வரும்" என்றார் இன்னொருவர்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் நடிப்பு என்று கைதட்டினார்கள். அடிபட்ட மாதிரி நின்றேன். இத்தனை வருஷம் நான் அள்ளி விட்டதெல்லாம் அந்தச் சந்தையில் நல்ல காசாக ஓடியிருக்கிறது; முதல் முறையாக உண்மையை எடுத்து நீட்டினேன், அதுதான் செல்லாக்காசு. உன் அம்மா பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அவள் ரகசியத்தைக் கடைத்தெருவில் நின்று சத்தமாகச் சொல்லியும் அது ரகசியமாகவே இருக்கிறது.

லாரி வாசலுக்கு வந்துவிட்டது. அப்புறம் நான் என்ன செய்வேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன்.

"சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. வெளியில சொல்லாதீங்க. நின்னுபோன அந்த மாடலை ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகம் கேட்டிருக்கு. தொழிற்சாலையிலேர்ந்து எப்படி வந்துச்சோ அப்படியே வேணுமாம், ஸ்பிரிங்கூட மாறக்கூடாதாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறாங்க. கீழ ஒரு பலகை. அதுல ஸ்பிரிங்கைக் காப்பாத்திக் கொடுத்தவர்னு உங்க பேர்."

காந்தம் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவரே மலையில் ஏறினார். டிரம்மில் உட்கார்ந்திருந்தவர்களும் ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் நாலு ஸ்பிரிங்கும் நாலு சக்கரமும் என் காலடியில் இருந்தன. "பலகையில எழுத்துப் பெரிசா இருக்கணும்" என்றார். ஆகட்டும் என்றேன். பலகைக்கு என்ன செய்வது என்று பிறகு யோசிக்க வேண்டும்.

ஊசி, ஒன்று சொல்கிறேன். மற்றவற்றில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அது எனக்கே தெரியும். அக்காவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கூட்டியதாக ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவள் பஸ்ஸின் பின்னால் ஓடியிருந்தால் பஸ்தான் நின்றிருக்கும். எனக்கு அவள் அப்படித்தான் தெரிவாள். அவளையா நாலு பேர் தூக்கினார்கள்?

ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வரட்டுமா?

மாமா

மார்ச் 18

அன்புள்ள மாமா,

வாருங்கள்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. வண்டியை அங்கே விட்டுவைக்கிறேன். மெக்கானிக் அதைப் பழைய உயரத்துக்கு இறக்குகிறார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். முதலில் அங்கே வேலையை முடியுங்கள். பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும். உங்களுக்கு எதுவும் தெரியாது. சும்மா வண்டியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறீர்கள். அம்மா காலை மூடியிருக்கும் போர்வையைப் பார்க்கக்கூடாது. வாக்கரைப் பார்க்கக்கூடாது. "என்னக்கா, எப்படி இருக்கே" என்று கேட்கும்போது குரல் மாறக்கூடாது. உங்களால் முடியுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கொட்டடிக் கதையை நம்பலாமா என்றும் தெரியவில்லை. ஆனால் நேற்று அத்தை போன் செய்து, அம்மா நலமா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது! உங்கள் வீட்டில் ஒரு சேதி உங்கள் வாய்க்குள்ளேயே தங்கியிருக்கிறது.

ஊசி

மார்ச் 28

அருமை மருமகள் ஊசிக்கு,

வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு சீட்டும் ஸ்பிரிங்குக்கும் சக்கரத்துக்கும் நாலு சீட்டுமாகப் போனேன்; வரும்போது ஒரே சீட்டில் வந்ததில் கை காலெல்லாம் லேசாக இருந்தது. நெட்டை ஸ்பிரிங், பெரிய சக்கரம், ஃபுட்போர்டு எல்லாவற்றையும் உங்கள் ஊர் மெக்கானிக்குக்கே கொடுத்துவிட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "உங்களை மாதிரி வேலைக்காரரை நான் பார்த்ததில்லை" என்றார். நீயும் பக்கத்தில்தான் நின்றாய், உனக்குக் கேட்டிருக்காது; மெதுவாகச் சொன்னார்.

கடைசி நட்டை முறுக்கிவிட்டு நாடாவைப் பிடித்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு முனை தரையில், மறு முனை சீட்டு விளிம்பில். எத்தனையோ வண்டியை உயர்த்தி, விளக்குப் போட்டு, ஊரே பார்க்கும்படி செய்திருக்கிறேன். ஒரு வண்டியைத் தாழ்த்திவிட்டு என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

வீட்டுக்குள் நீ சொன்னபடியே நடந்துகொண்டேன். அக்கா நாற்காலியில், மடியில் போர்வையோடு இருந்தாள். எழுந்திருக்கவில்லை. "என்னடா, வயிறு உனக்கு முன்னாடியே உள்ள வருது?" என்றாள். "வசதியா இருக்கேன்கா" என்றேன். போர்வையைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன், காலண்டரில் இருந்த படத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "நானும் இவளும் கொஞ்சம் கடைக்குப் போகணும்" என்றாள். ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை! அக்காவுக்கும் பொய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் ரத்தம்தானே. "போய்ட்டு வாங்க, நான் தெருவுல காத்து வாங்கறேன்" என்று முன்னால் கிளம்பிவிட்டேன்.

தெருவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எதிர்மாடியில் ஆட்கள். மருந்துக்கடையில் ஆட்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு கூட்டம், அன்றைக்குத் தூக்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். எல்லாரும் உங்கள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கண்ணுக்கு நடுவில் அக்கா எப்படி வருவாள்?

ஒன்றும் யோசிக்கவில்லை. நடுத்தெருவில் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஐயா, இந்த வண்டி யாருடையதுன்னு தெரியுமா? ஏழு கடலைப் பார்த்த கேப்டனோடது! ஒரு நாள் நடுக்கடல்ல, கப்பலைவிடப் பெரிசா ஒரு திமிங்கலம்..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்தார். பஸ் வந்தது, ஒருவரும் ஏறவில்லை, டிரைவரே என்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டார். இது கூட்டிச் சொல்வதில்லை, நீயே பார்த்தாய். கேப்டனை நான் திமிங்கலத்தின் வாய்க்குள் அனுப்பினேன், கையுறையோடு. பல்லைப் பிடித்துத் தொங்கவிட்டேன். வயிற்றுக்குள் தீ மூட்டவைத்தேன். இன்னும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லையே என்று இன்னொரு திமிங்கலத்தையும் வரவழைத்தேன்.

பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கதையை அங்கேயே விட்டுவிட்டேன். கேப்டன் வெளியே வந்தாரா இல்லையா என்று கேட்டு என்னை அடிக்க வந்தார்கள்.

ஊசி, நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தெருவில் இருந்த யாருமே பார்க்கவில்லை. நீ ஒருத்திதான் பார்த்தாய். அதனால் எழுது. எந்தக் காலை முதலில் வைத்தாள்? முகம் எப்படி இருந்தது? கை நடுங்கியதா? உள்ளதை உள்ளபடி எழுது. ஒரு சொல்லும் கூட்டாதே. கூட்ட எனக்குத் தெரியும்.

மாமா

ஏப்ரல் 3

அன்புள்ள மாமா,

கூட்டாமல் எழுதுகிறேன்.

அம்மா வாக்கரைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தெருவைப் பார்த்தாள். எல்லா முதுகும் தெரிந்தது. உங்கள் முதுகும்தான். திரும்பி நின்று, கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்தாள். கை நடுங்கியது. உட்காரப்போய் ஒரு தடவை பாதியில் நின்றுவிட்டாள். சீட்டு அங்கே இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. உட்கார்ந்தாள். நல்ல காலை முதலில் உள்ளே வைத்தாள். அடுத்த காலை இரண்டு கையாலும் முட்டிக்குக் கீழே பிடித்துத் தூக்கி வைத்தாள். வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஒரு செருப்பு கீழே விழுந்தது. எடுக்கப்போனேன். "அப்புறம் எடு. இரண்டாவது திமிங்கலம் வருது, கேட்டுட்டுப் போகலாம்" என்றாள். பிறகு கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஒரு பயிற்சியையும் விடவில்லை. முழங்கால் மடங்க ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் மடங்குகிறது.

நேற்று பயிற்சி முடிந்து வரும்போது அம்மா திடீரென்று, "அவனுக்குத் தெரியும்டி" என்றாள். ஸ்டியரிங் கையை விட்டு நழுவப்போனது.

"யாருக்கும்மா?"

"உன் மாமனுக்குத்தான். நான் எந்திரிக்காம உட்கார்ந்திருக்கேன், ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலை. காலண்டரையே பார்த்துக்கிட்டு நின்னான். எறும்பு போனாக்கூட நின்னு கதை கேட்கிறவன்."

சத்தியத்தை மீறியதற்குத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சிக்னலில் நின்றபோது ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. அதன் சக்கரத்தை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

"எப்படி ஏறினேன்னு உன்கிட்ட கேட்டு எழுதியிருப்பானே" என்றாள்.

"ஆமாம்மா."

"நீ என்ன எழுதப்போறே?"

"நடந்ததை."

"எழுது. ஆனா ஊர்ல சொல்லும்போது குதிச்சு ஏறினேன்னு சொல்லச் சொல்லு."

ஊசி